கீபோர்டும் குடும்பஸ்தனும்

எங்கள் வீட்டில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "என்ன வேணும்?" என்று கேட்கும் ஒரே ஜீவன், கீபோர்டுக்குள் இருக்கும் சின்ன சிப். விசைகளின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. சிப் ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் விட்டு, எந்தப் பத்தியில் அது வெளியே வருகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நானோ ஒற்றை விரல்காரன். 'ழ' எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் பாவம், அது எத்தனை தரம் ஏமாந்திருக்குமோ!

விசையை அமுக்கினால் தொடுமுனைகள் உடனே ஒட்டாது. சில மில்லி நொடி துள்ளும். தொட்டது, விட்டது, தொட்டது. அடங்கட்டும் என்று சிப் பொறுத்திருந்து, அப்புறம்தான் கணக்கில் எழுதும். தீபாவளிக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று நான் முடிவெடுக்கும்போது என் மனைவி கையாளும் உத்தியும் இதுவே.

மொழிப்பற்று மிகுந்து, விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டினேன். கீபோர்டுக்கு எழுத்தறிவே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழ் 99 என்ற விசை அமைப்பில் 'அ' அடிக்க ஆங்கில 'ஏ' விசையை அமுக்க வேண்டும். யூ.எஸ்.பி. கீபோர்டு அனுப்புவதோ வெறும் 4. இருமத்தில் 00000100. ஷிஃப்டுக்குத் தனி பைட். அந்த நாலை 'அ' ஆக்குவது கணினியிலுள்ள மென்பொருள். யூனிகோடில் அதன் எண் 2949. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 11100000 10101110 10000101 என்று மூன்று பைட். ஆங்கிலச் சின்ன 'ஏ'வுக்கு ஒன்றே ஒன்று, 01100001. என் மனு ஏன் இவ்வளவு கனம் என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த நாலையும் கீபோர்டு தானாகப் போய்ச் சொல்லிவிட முடியாது. சில மில்லி நொடிக்கு ஒரு தரம் கணினி கேட்கும். கேட்டால்தான் பதில் சொல்லலாம். இந்த இடத்தில் எனக்கு அதன்மேல் சகோதர பாசமே வந்துவிட்டது. ஆனாலும் அது கொடுத்துவைத்தது. என்னை அவ்வளவு அடிக்கடி யார் கேட்கிறார்கள்?

வேகமாக அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளைச் சேர்த்து அமுக்கினால், மின்சாரம் சுற்றுவழியில் போய், தொடாத நாலாவது விசையும் அமுங்கியதுபோல் தெரியும். அதற்குப் பயந்து மலிவுப் பலகைகள் மூன்றாவதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். விசைக்கொரு டயோடு வைத்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை விரல்காரர்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.