லேசர் காட்டிய பெண்

எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் ஜோசியர். பெண்ணை எனக்குக் காட்டியது மட்டும் புக்கிட் ஜாலில் அரங்கில் யாரோ அடித்த லேசர்.

2010 டிசம்பர் 26, ஞாயிறு. சுசுகி கிண்ணக் காற்பந்து இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம், மலேசியா இந்தோனேசியாவோடு. பயிற்சியாளர் நம்ம கே. ராஜகோபால், அதற்கு முந்தின வருசம் சீ விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்த மனுசன். அன்றைக்கென்று பார்த்து அம்மா பெண் பார்க்க நாள் வைத்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மஸ்ஜித் தானா, மலாக்கா மாநிலத்தின் மறுகோடி. நல்ல வேளை, பெண்ணின் அப்பா தோட்டக் குழுவின் பழைய கோல் கீப்பர். டிவியை அணைக்க மனசில்லாமல் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

முறுக்கு வந்தது, கேசரி வந்தது, பெண்ணும் வந்தாளாம். பெரியம்மா தொடையில் கிள்ளினார். "ஆஃப்சைடு" என்றேன்.

இரண்டாம் பாதியில் கண்ணில் லேசர் அடிக்கிறார்கள் என்று முறையிட்டு இந்தோனேசியர்கள் திடலைவிட்டு வெளியேற, ஆட்டம் நின்றது. அப்போதுதான் தலையைத் திருப்பினேன்.

"நீங்க சாப்பிடறது எங்கப்பா தட்டு" என்றாள். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்றாவது கோலுக்குப் பெண்ணின் அப்பாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொள்ள, பெரியவர்கள் சம்பந்தம் முடிந்ததாகவே வைத்துக்கொண்டார்கள். பெண்ணின் சம்மதத்தை அப்புறம்தான் விசாரித்தார்கள்.

29ஆம் தேதி ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2, கிண்ணம் நமக்கு. பிரதமர் 31ஆம் தேதியைப் பொது விடுமுறையாக்கினார். அந்தப் புண்ணியத்தில் அவளை மலாக்கா ஆற்றுப் படகில் கூட்டிப்போனேன். மாலை வெயில், மெல்லிய காற்று. ராஜகோபால் இளம் ஆட்டக்காரர்களை ஏன் நம்பினார் என்று விளக்கினேன். படகு சுற்றி முடித்துக் கரைக்கு வந்தபோதும் நான் தற்காப்பு வரிசையைத் தாண்டியிருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு குருபோங் ஹங் ஜெபாட் அரங்கமே கதி. நாற்பதாயிரம் பேர் உட்காரும் இடம். என் தொண்டை ஒன்றே பாதியை நிரப்பும் என்பது எனது கணிப்பு. 2016இல் மலாக்கா யுனைடெட் பிரீமியர் லீக்கை வென்றபோது, கல்யாண நாளுக்கென்று வாங்கிய மல்லிகைச் சரம் கழகக் கொடிக்குப் போனது. சரம் எங்கே என்று இன்னமும் கேட்கிறாள்.

2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் கழகம் லீக்கைவிட்டே போய்விட்டது. வார இறுதிகளில் நான் வீட்டில். சமையலறை வாசலில் நின்று, ரசத்தில் எப்போது புளியை இறக்க வேண்டும், கடுகை எப்போது மாற்று ஆளாக அனுப்ப வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஜொகூர் குழுவுக்குக் கை தட்டினா என்ன? போக வரவே பாதி நாள் ஆயிடுமே லா."