செவலைக்குச் சென்னையில ரெண்டு பெட்ரூம்

எய்யா ராசா, நேத்து ராத்திரி நீ போன்ல புலம்புனதை எல்லாம் கேட்டேன். சோபா காலை நனைச்சுட்டுதாம். மிக்சி போட்டா கட்டிலுக்கு அடியில ஓடி ஒளியுதாம். பால்கனியில நின்னு விடிய விடிய ஊளையாம். "தாத்தா, இதுக்கு ஒண்ணுமே தெரியல"ங்க. யாருக்கு, செவலைக்கா? காட்டுப்பன்னி எந்த வரப்பு வழியா வருதுன்னு இருட்டுல மோந்தே சொல்லுத நாய் அது. மோட்டார் வயரை அறுக்க வந்தவன் வேட்டியை விட்டுட்டு ஓடுனான், அந்த வேட்டி ரொம்ப நாள் நம்ம தொழுவத்துலதான் கிடந்துது. அதுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். உங்க சோபா என்ன விலைன்னு தெரியாது.

காட்டைக் குத்தகைக்கு விட்ட பெறவு நாய் சும்மா கிடக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்னு கார்ல ஏத்துன. சந்தோசம். ஆனா ஒண்ணை யோசிச்சியா? சிப்பிப்பாறைக் கலப்பு, முயலைக் கண்ணால பாத்து விரட்டிப் பிடிக்கப் பிறந்த இனம். அதுக்கு இங்ஙன மூணு ஏக்கர் நிலம், ஒரு புளியமரம், ஒரு மோட்டார் ரூம், ராத்திரி டூட்டி. அதை எல்லாம் பிடுங்கிட்டு எண்ணூறு சதுர அடியும் ஒரு பந்தும் குடுத்திருக்க. நீ காலேஜுக்குப் போன புதுசுல ஹாஸ்டல்ல சோறு இறங்கலன்னு அழுதியே, அப்போ 'இந்தப் பயலுக்கு ஒண்ணுமே தெரியல'ன்னு உன்னை யாராச்சும் சொன்னாங்களா? சொன்னாங்க. நாந்தான் சொன்னேன். ஆனா உன் காதுல விழாம சொன்னேன்.

நாய் வளக்கவங்க வாயில ஒரு கணக்கு புழங்குது. மூணு நாள் மிரட்சி, மூணு வாரம் நோட்டம், மூணு மாசத்துல வீடு அதுக்குச் சொந்தம். சில நாய்க்கு முன்னப்பின்ன ஆவும். முதல் ஞாயித்துக்கிழமையே உன் ஆபீஸ் கூட்டத்தை எல்லாம் கூப்பிட்டு நாய்க்கு நடுவீட்டுல வரவேற்பு வச்சியாமே, அது இந்தக் கணக்குல எங்க வருதுன்னு எனக்குப் பிடிபடல.

சரி, மூத்திர விசயத்துக்கு வருவோம். நீ போன் பண்ணுனதே அதுக்குத்தானே.

செவலை பிறந்ததுல இருந்து மண்ணுலயும் புல்லுலயும் கருவேலந்தூருலயும்தான் காலைத் தூக்கியிருக்கு. தான் படுக்குத இடத்தை எந்த நாயும் லேசுல நனைக்காது. உங்க வீட்டுல அதுக்குப் படுக்குத இடம் ஒரு மூலை. மிச்சம் இருக்குத அம்புட்டும் அது கணக்குல காடு. காட்டுக்கு நடுவுல சோபா காலு நல்ல வாட்டமா நிக்கி. அது மேல என்ன தப்பு சொல்லுத?

எந்திரிச்ச உடனே, தின்ன உடனே, விளையாடி முடிச்ச உடனே, ராத்திரி கதவடைக்கதுக்கு முன்னாடி கீழே கூட்டிட்டுப் போ. புதுசுல நடுவுலயும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க போ. தினமும் அதே இடம். பழைய வாடையே அதுக்கு ஞாபகப்படுத்தும். போனைப் பையில போடு. நீ ரீல்ஸ் பாத்துட்டு நிக்கும்போது அது எப்போ முடிச்சுதுன்னே உனக்குத் தெரியாது. முடிச்ச அந்த நொடியில ஒரு வார்த்தை மெச்சி, வேகவச்ச கோழியில ஒரு துணுக்கு குடு. மாடிக்கு வந்து குடுத்தேன்னா, லிப்ட்ல ஏறுனதுக்குக் கூலின்னு அது எடுத்துக்கிடும். முடிச்ச கையோட மேலே இழுத்துட்டும் வராத. முடிச்சா வீட்டுக்குப் போவணும்னு தெரிஞ்சுட்டுதுன்னா, வெளிக்காத்துக்கு ஆசைப்பட்டு அடக்கி வச்சுக்கிட்டே சுத்தும். அந்தச் சாமர்த்தியம் எல்லா நாய்க்கும் உண்டு. வளந்த நாய்ங்கதால ஒரு வசதி, குட்டியை விட அடக்கத் தெரியும். நீ நேரம் தவறாம இருந்தா சீக்கிரம் பிடிச்சுக்கிடும். நீ நேரம் தவறாம இருப்பியாங்குததுதான் இங்ஙன எல்லாரும் பந்தயம் கட்டியிருக்குத விசயம்.

மூக்கைப் பிடிச்சு ஈரத்துல தேச்சியாமே, முதுகுல ரெண்டு போட்டியாமே. அதுல இருந்து செவலை ஒரு பாடம் படிச்சிருக்கும்: இவன் கண்ணு முன்னாடி இருக்கக் கூடாது. இனிமே சோபாவுக்குப் பின்னாடி போவும். கீழே கூட்டிட்டுப் போனாலும் உன் முகத்தைப் பாத்துக்கிட்டே அடக்கும். ரெண்டும் நீ சொல்லிக் குடுத்ததுதான், வாத்தியாரே.

வீட்டுக்காரி பினாயில் ஊத்தித் துடைச்சாளாம். நம்ம மூக்குக்கு அது சுத்தம். பினாயிலுக்கு அடியில இருக்கதையும் நாய் மோந்துரும். அந்தத் தரையில நடந்து காலை நக்குனா உடம்புக்கும் ஆவாது. அமோனியா வாடை உள்ளது இன்னும் மோசம், மூத்திரத்துலயும் அதே வாடைதானே. நாய் சாமான் விக்குத கடையில என்சைம் கலந்த திரவம்னு கேளு, அது வாடையை வேரோட முறிக்கும். இவ்வளவும் செஞ்சு பெறவும் சொட்டுச் சொட்டா அங்கங்கே விட்டுச்சுன்னா, ஒண்ணு எல்லை போடுது, இல்ல மூத்திரக் கடுப்பு. டாக்டர்கிட்ட காட்டு. எல்லை போடுத பழக்கம் கருத்தடை பண்ணுனா பல நாய்க்குக் குறையும்.

முழு வீட்டையும் முதல் நாளே அதுக்குத் திறந்து விட்டது உன் பெரிய மனசு. அந்தப் பெரிய மனசைக் கொஞ்ச நாள் மடிச்சு வை. ஒரு ரூம் போதும். அங்க தப்பில்லாம இருந்தா அடுத்த ரூம். அதோட ஒரு சாக்கு குடுத்து விட்டேனே, அது எங்க? வாஷிங் மெஷின்ல போட்டு, பூ வாசம் அடிக்குத திரவம் ஊத்தி, மணக்க மணக்கத் துவைச்சாச்சாம்! எய்யா, அந்த அழுக்குதான் அதுக்கு ஊரு. இன்னொரு சாக்கு பஸ்ல அனுப்புதேன். அதைத் துவைக்காம ஒரு மூலையில போடு. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையா இருக்கணும். அங்க படுத்திருக்கும்போது கொஞ்சுதேன்னு யாரும் கிட்ட போவாதிய.

அடுத்தது காலிங் பெல். இதுல செவலை பக்கம் நியாயம் ஜாஸ்தி. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துது, ஆயிரத்து நானூறு வருசம் ஆவுது. கோவிவன்னு ஒரு நாய், கள்ளங்க ரெண்டு பேரைக் கடிச்சுதுன்னு பேரு போட்டு வெட்டி வச்சிருக்கான். செத்த வீரனுக்குப் பக்கத்துலயே நாயும் நிக்கி. அந்தப் பரம்பரை உங்க வீட்டுல சாப்பாடு கொண்டாரப் பயலைப் பாத்துக் குலைக்கி. இந்தக் காலத்துல கடிச்சா கல்லு நட மாட்டாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பாங்க.

செவலை போடுத கணக்கைப் பாரு. ஒருத்தன் வாரான். நான் குலைக்கேன். அவன் ஓடிப் போறான். ஒரு நாளைக்கு நாலு பேரு வாரான், நாலு பேரையும் விரட்டியாச்சு. வந்தவன் பார்சலைக் குடுத்துட்டு அவன் பாட்டுக்குப் போனான்னு அதுக்கு யாரு சொல்ல? சம்பளம் இல்லாம நல்லா வேலை பாக்கேன்னு அது நெஞ்சை நிமித்தி நிக்கி. நீ வேற பின்னாடி நின்னு "சும்மா இரு, சும்மா இரு"ன்னு கத்துதியா, எசமானும் கூடச் சேந்து குலைக்கான்னு அதுக்கு இன்னும் உற்சாகம். கத்தாத. பெல் சத்தத்தைப் போன்ல பிடிச்சு, மெதுவா வச்சு ஒலிக்க விடு. ஒலிச்ச உடனே சாக்குல ஒரு துண்டு கறியைப் போடு. நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டு. பெல் அடிச்சா சாக்குக்கு ஓடுனாத்தான் வரும்படின்னு ஆயிட்டா வாசலை மறந்துரும். மிக்சிக்கும் இதே வைத்தியந்தான். தூரத்து ரூம்ல நாய், அடுக்களையில மிக்சி, நடுவுல கறி. தைரியம் வரட்டும்னு மிக்சிக்குப் பக்கத்துல கட்டிப் போட்டா, உன்னைப் பாத்தும் பயப்படும். டிவி சீரியல்ல மாமியார் வந்தா குலைக்குன்னியே, அதை மட்டும் திருத்த வேண்டாம்.

வழுவழு தரையில அதுக்குக் காலு நிக்காது, இடுப்பு பிடிச்சுக்கிடும். நடக்குத வழியில மட்டும் சணல் விரிப்பு போடு. ஊருல கட்டாந்தரையில ஓடுனதுல நகம் தானா தேஞ்சுது. அங்க தேயாது, நீதான் வெட்டணும், நுனியை மட்டும். கொஞ்சம் ஏறுனா ரத்தம் வரும். பெறவு கத்திரியைக் கண்டாலே உன் கையைப் பாக்கும்.

நடையைச் சொல்லணும். காலையில அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போ. அஞ்சு மணின்னு ஒண்ணு காலையிலயும் இருக்கு ராசா, நீ பாத்ததில்ல. பத்து மணி வெயிலுக்கு மேல தார் ரோட்டுல இறக்காத. புறங்கையை ரோட்டுல அஞ்சாறு நொடி வச்சுப் பாரு. உனக்குத் தாங்கலன்னா அதுக்கும் தாங்காது. நாய் மூச்சிரைச்சுத்தான் சூட்டை இறக்கும், நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. அதுக்குன்னு ராத்திரி முழுக்க ஏசி போட்டு உறைய வைக்காத. ஒட்டுன முடி, கொழுப்பில்லாத உடம்பு, நடுங்கும். கயித்தை மட்டும் எக்காரணத்துக்கும் அவுக்காத. ஒரு பூனை குறுக்கே போனா அது வேளச்சேரியைத் தாண்டி நிக்கும், நீ கேட்டுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருப்ப. மோந்து மோந்து நின்னா இழுக்காத, நிக்கட்டும். வேகமா ஓட்டுத ஒரு மணி நேரத்தை விட இஷ்டத்துக்கு மோந்த அரை மணியில அது நல்லாக் களைச்சுப் படுக்கும். வீட்டுலயும் வேலை குடு. தீனியைத் தட்டுல கொட்டாம பழைய துணியில சுருட்டி ஒளிச்சு வை, தேடித் தின்னட்டும். வேலை இல்லாத நாய் செருப்பைத் தின்னும். போன வாரம் தின்னது என்ன விலைச் செருப்புன்னு நீ சொல்லவே இல்ல.

இன்னொரு சங்கதி, இதுல விளையாட்டு இல்ல. ஊருல இருந்து செவலை தனியா வரல, உண்ணியும் கூட வந்திருக்கும். உன் அத்தை மக ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில படிக்காள்ல, அவதான் சொன்னா. நாய் உண்ணிக்கு வெட்டவெளியே தேவை இல்லையாம். வீட்டுக்குள்ளேயே முட்டை போட்டு, பொரிச்சு, வளந்து, திரும்ப நாய் மேல ஏறிக்கிடுமாம். ரத்தம் குடிச்ச பொட்டை உண்ணி சுவரேறி, சந்துபொந்துல ஆயிரக்கணக்குல முட்டை போடும். காட்டுல கிடந்தா அது காட்டோட போச்சு. உங்க வீட்டுல கட்டில் சட்டத்துல குடியேறும், வாடகையும் குடுக்காது. அதுல உண்ணிக் காய்ச்சல் வந்தா நாய் சோறு திங்காது, ஈறு வெளுக்கும், சமயத்துல மூக்குல ரத்தம் வரும். டாக்டர் எழுதிக் குடுக்குத மருந்தை நாள் தவறாம குடு. சுவர் இடுக்கு, கட்டில் சந்து எல்லாம் பாரு. எங்க காலத்துல மண்ணெண்ணெய் தடவுனோம்னு யாரும் சொன்னா, நானே சொன்னாலும், கேக்காத. காய்ச்சல்னு நீயா பாரசிட்டமால் குடுத்துராத. வெறிநாய்த் தடுப்பூசி வருசா வருசம், பூச்சி மருந்து மூணு மாசத்துக்கு ஒருக்க. மாநகராட்சி லைசென்ஸும் எடு.

தீனியில ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்ல. இங்ஙன கம்மஞ்சோறும் கருவாட்டுத் தலையும் தின்ன வயிறு, ஒரே நாள்ல பாக்கெட்டு உருண்டைக்கு மாறாது. ஒரு வாரம் பத்து நாள் கலந்து கலந்து மாத்து. ரெண்டு வேளை, நேரத்துக்கு. உள்ளே போற நேரம் சரியா இருந்தாத்தான் வெளியே வாற நேரம் உனக்குத் தெரியும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆவாது. பிறந்தநாள் கேக்கு வெட்டி ஊட்டுனதை இதோட நிறுத்து.

ஆபீஸ் கிளம்பும்போது கட்டிப்பிடிச்சு "அம்மா போயிட்டு வந்துருவேன்டா"ன்னு வீட்டுக்காரி கண்ணைத் துடைக்காளாம். அதைப் பாத்தா எந்த நாயும் என்னமோ விபரீதம்னுதான் ஊளையிடும். அஞ்சு நிமிசம் வெளியே போ, வா. பெறவு பத்து நிமிசம், பெறவு அரை மணி. போறப்பவும் வாறப்பவும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். சாவி எடுக்குததும் கதவு சாத்துததும் ஒரு விசயமே இல்லன்னு அதுக்கு ஆவணும்.

அசோசியேஷன்ல நாயை லிப்ட்ல ஏத்தக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்கன்னியே. நாய் வளக்கக் கூடாதுன்னோ லிப்ட்ல ஏத்தக் கூடாதுன்னோ அவங்க தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியமே சொல்லியிருக்கு. ராஜபாளையம் நாய்க்கு 2005ல சர்க்காரே தபால்தலை போட்டுது, செவலையும் அதுக்குத் தூரத்துச் சொந்தம்னு வேணா சொல்லிக்கோ. ஆனா செகரட்டரிகிட்ட சட்டம் பேசுததுக்கு முன்னாடி கையில ஒரு பையை வச்சுக்கிட்டு, செவலை போட்டதை நீ அள்ளு. வாட்ச்மேன் அள்ளுவாருன்னு நிக்குத ஆளுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது.

செவலைக்கு இப்போ நாலு வயசு. ஒழுங்கா வச்சுக்கிட்டா இன்னும் எட்டு வருசம், பத்து வருசம்கூட இருக்கும். நீ இருக்கது வாடகை வீடு. அடுத்த வீடு பாக்கப் போகும்போது, அட்வான்ஸ் குடுக்கதுக்கு முன்னாடியே நாய் உண்டுன்னு சொல்லிரு. ஓனர் ஒத்துக்கிடலன்னா அந்த வீடு வேண்டாம், வேற வீடு பாரு.