வத்தையும் வாக்கிடாக்கியும்

புதுக்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் செம்மண் பொட்டலும்தான் நினைவுக்கு வரும். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று சுமார் 40 கிலோமீட்டருக்கு எங்களுக்கும் ஒரு கடல் இருக்கிறது என்று சொன்னால், "அட, உங்க ஊர்ல கடல் உண்டா?" என்று வியப்பார்கள். அலையே இல்லாத கடல் என்று பிறகு பார்க்க வருகிறவர்கள் முகம் சுருங்கும். பாக் நீரிணை அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது, கரையோரம் சேறு, வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர். ஆனால் ஆழம் குறைந்த கடலில் காற்று திரும்பினால், அலை நெடிதாக எழாமல் குட்டை குட்டையாக, மூச்சுவிட நேரம் தராமல் அடுத்தடுத்து வந்து மோதும் என்பது அதில் தொழில் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கரையில் எஞ்சின் சத்தம் அபூர்வம். பாய் விரித்த வத்தைகள்தான். மூன்று மரம் நட்ட பெரிய வத்தை ஒன்று காற்றை வாங்கிச் சாய்ந்து வரும்போது, காற்று வரும் பக்கத்தில் குறுக்காக நீட்டியிருக்கும் பலகையில் ஆட்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். படகு கவிழாமல் இருப்பது அவர்கள் உட்காரும் இடத்தில் இருந்தது. அந்தப் பலகையில் ஒருநாள் நானும் உட்கார வேண்டும் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே லட்சியம். இன்று அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. அவ்வளவு சிறிய ஆசையோடு ஒரு மனிதன் எத்தனை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்!

பலகைக்குப் போகும் வழி கயிற்றின் வழியாகத்தான் இருந்தது. கயிற்றைத் தொடத் தெரியாதவனைத் தாத்தா படகில் ஏற்றமாட்டார். அன்று எல்லாமே தேங்காய் நார்க்கயிறு. தண்ணீரில் மிதக்கும், இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கும், உப்புநீரில் ஊறியும் சட்டென்று மக்காது. ஆனாலும் அவர் நம்பமாட்டார். தொழிலுக்குப் போகாத நாட்களில் மணலில் கயிற்றை நீளவாக்கில் போட்டு, குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தி, இரண்டு கையாலும் எதிர்த் திசையில் திருகி, மூன்று புரியையும் பிரித்து உள்ளே பார்ப்பார். வெளியே பளிச்சென்று இருக்கும் கயிறு உள்ளே பொடியாக உதிரும். உதிர்ந்தால் அந்த இடத்தை அறுத்து எறிந்துவிட்டு, இரண்டு முனையின் புரிகளையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னி விடுவார்; பின்னிய இடம் தெரியாது, விரலால் தடவினால் மட்டும் லேசாகத் தடிக்கும்.

சுருட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. நான் அவசரத்தில் இடதுபக்கமாகச் சுற்றினால், "கோயிலச் சுத்துற மாதிரி வலமா சுத்துடா" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் வராது. வலப்பக்கமாக முறுக்கிய கயிற்றை வலமாகச் சுருட்டினால்தான் முறுக்கோடு முறுக்காக அடங்கிப் படியும், இடமாகச் சுருட்டினால் ஆங்காங்கே கொக்கி விழுந்து, வீசும் நேரத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதைப் பின்னால் ஒரு கடற்படைப் பயிற்சிப் புத்தகத்தில் படித்தபோது, எங்கள் மணல்மேட்டுப் பாடம் அச்சில் இருப்பதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இன்னொரு கட்டளைக்கு அவர் காரணமும் சொல்வார்: "கையில கயித்தச் சுத்தாத. படகு இழுத்தா கயிறு போகும், கூட உன் கையும் போகும்." சுருளுக்குள் கால் வைத்து நிற்பவனைக் கண்டால் அடியே விழும்.

இன்று கரையில் கிடப்பது நைலானும் பச்சை, நீல நிறப் பிளாஸ்டிக் கயிறும். மக்காது, மலிவு, இலேசு. நார்க்கயிற்றைத் தோளில் சுமந்து தோல் உரிந்தவர்களுக்கு அது வரம்தான். ஆனால் நைலான் தண்ணீரில் மூழ்கும். இழுவை தாங்காமல் அறுந்தால் சவுக்காகத் திரும்பி வந்து எதிரில் நிற்பவனை வெட்டும். மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு எஞ்சின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். வெயிலில் கிடந்து கிடந்து மேல்நார் முறிந்து வலுவிழக்கும். வழுவழுப்பில் பழைய முடிச்சு நிற்காமல் நழுவும், இன்னொரு சுற்றுப் போட்டாக வேண்டும். விசைப்படகில் இன்னும் ஒருபடி மேலே: இரும்புக் கயிறும் அதைச் சுற்றும் வின்ச்சும். தாத்தாவின் கட்டளை வின்ச்சுக்கு முன்னால்தான் பத்து மடங்கு பொருந்துகிறது. ஆனால் வின்ச்சை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் அதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

முடிச்சுகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. வலைக்கண் முடிகிற பெண்கள் திண்ணையில் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே போட்டுத் தள்ளும் அந்தச் சின்ன முடிச்சுதான், தடித்த கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் இணைக்க உலகம் முழுக்க மாலுமிகள் நம்பும் முடிச்சு. நார் பெருத்த நங்கூரக் கயிற்றோடு மெல்லிய கயிற்றை இணைக்கத் தாத்தா போட்டதும் அதேதான். இன்னொன்று, இறுகாத கண்ணி. தண்ணீரில் விழுந்தவனுக்கு வீசும் கயிற்றின் முனையில் சுருக்கு இருந்தால் இழுக்க இழுக்க நெஞ்சை நெரிக்கும். இறுகாத கண்ணியானால் அக்குளுக்குக் கீழ் மாட்டிக்கொண்டு எவ்வளவு இழுத்தாலும் விட்டது விட்டபடி நிற்கும், கரையேறியபின் ஒற்றை விரலால் தளர்த்தலாம். இருட்டில், ஈரக் கையால், கண்ணை மூடிக்கொண்டு அதைப் போடத் தெரிந்த பின்தான் எனக்குப் பலகையில் இடம் கிடைத்தது.

ஆபத்து வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? முதலில், தனியாகப் போகமாட்டார்கள். துணைக்கு இன்னொரு வத்தை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பகலில் வேட்டியை அவிழ்த்துக் கம்பில் கட்டி உயர்த்துவார்கள். இரவில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்திப் பிடிப்பார்கள். மூட்டமானால் சங்கு ஊதுவார்கள். கரையில் பெண்கள் அந்தி சாய்ந்ததும் வரும் விளக்குகளை எண்ணுவார்கள், ஒன்று குறைந்தால் அன்று அந்தத் தெருவில் யாரும் சோறு போட்டுக்கொள்ளமாட்டார்கள். இதெல்லாம் நாட்டுப்புறத்து வழக்கம் என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 1972இல் லண்டனில் கூடி நாடுகள் ஒப்புக்கொண்ட கடல் போக்குவரத்து விதிகளின் பின்னிணைப்பில், ஆபத்துக்கான அடையாளங்களின் பட்டியலில், படகில் தீ வளர்ப்பதும், மூட்டத்தில் ஒலிக்கும் கருவியை விடாமல் ஒலிப்பதும் இருக்கின்றன. எங்கள் தீப்பந்தமும் சங்கும் ராக்கெட்டோடும் வானொலியோடும் சமமாக உட்கார்ந்திருக்கின்றன! இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து மெதுவாக மேலே தூக்கி மெதுவாக இறக்குவதும் அதில் உண்டு. கருவி எதுவும் வேண்டாத அடையாளம் அது ஒன்றுதான். ஆனால் மெதுவாகச் செய்ய வேண்டும். வேகமாகக் கையை ஆட்டினால் தூரத்துப் படகுக்காரர் நலம் விசாரிப்பதாக நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

காற்றைப் பற்றிய செய்தி பாம்பனிலும் நாகையிலும் ஏறும் புயல் கூண்டிலிருந்து கிளம்பி, திருச்சி வானொலி வழியாக எங்கள் கரைக்கு வந்து சேரும். ஊரில் நாலைந்து டிரான்சிஸ்டர்கள். மாநிலச் செய்தி முடிந்து "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பு வரும்வரை கூட்டம் மூச்சுவிடாது. அறிவிப்பு இல்லையென்றால் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்கும். கடல் தாண்டி வந்ததாலோ என்னவோ அந்தப் பாட்டு அவ்வளவு துல்லியமாக இருக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாட்டின் நடுவே காற்றின் சத்தம் மாறினால் எல்லோர் தலையும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பும். இன்று எச்சரிக்கை ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வந்து ஒலிக்கிறது. நல்லதுதான், மிகமிக நல்லது. கூடி நின்று கேட்டது மட்டும் போய்விட்டது.

மிதக்க என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வலையின் மிதவையும் மரமும்தான், பிற்பாடு காலி பிளாஸ்டிக் கேன். நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு என்ற வீறாப்பு வேறு. இன்று ஜெகதாப்பட்டினத்து விசைப்படகில் ஏறிப் பாருங்கள், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கும். பல படகுகளில் அவை அறைக்குள் தலையணையாக இருக்கும். புழுக்கம், வலை இழுக்கும்போது இடைஞ்சல், கொக்கியில் மாட்டும் என்று பையன்கள் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. ஆனால் தவறி விழுந்தவன் திரும்பி வந்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ள முடியாதே. தலையில் அடிபட்டு விழுந்தவனுக்கு நீச்சல் எதற்கு உதவும்? இப்போது மெல்லிய பட்டையாகக் கழுத்தில் கிடந்து, தண்ணீர் பட்டதும் தானே காற்று நிரம்பும் ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன. உழைக்கிறவன் உடம்பை அறிந்து செய்த பொருள் அது. அதைத்தான் மானியத்தில் கொடுக்க வேண்டும்.

தீச்சுடர்களும் வந்திருக்கின்றன. கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் ஒரு நிமிடம் எரியும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி ஒளி விடும். ஆரஞ்சுப் புகை மூன்று நிமிடம், அதுவும் பகலுக்குத்தான். இவ்வளவு குறைந்த நேரம் எரியும் பொருளை எப்போது கொளுத்துவது என்பதில்தான் உயிர் இருக்கிறது: தூரத்தில் படகோ விமானமோ கண்ணில் பட்ட பிறகு, காற்று போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டி. தாத்தாவின் மண்ணெண்ணெய்த் துணி அரைமணி நேரம் எரிந்தது, மறுபடியும் நனைக்கலாம். புதுச் சுடரின் காலாவதித் தேதியைப் பார்ப்பவர்கள் குறைவு. உறையைப் பிரித்து அதில் எழுதியிருப்பதை அமைதியான நாளில் படித்துவைப்பவர்கள் அதைவிடக் குறைவு.

கடைசியாக வானத்துக்கே போய்விட்டோம். இஸ்ரோ உருவாக்கி 2010 முதல் புழக்கத்தில் இருக்கும் ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போகிறது. போனதா இல்லையா என்று தெரியாமல் தவித்த தவிப்பையும் 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி தீர்த்துவிட்டது. "செய்தி கிடைத்தது" என்று பதில் வருகிறது. கரையில் விளக்கெண்ணிய பெண்களுக்கு அப்படி ஒரு பதில் என்றாவது வந்திருந்தால்! வாக்கிடாக்கியோ நாள் முழுக்கப் படகுக்குப் படகு மீன்பாட்டையும் மீன்விலையையும் குழம்பையும் பேசித் தீர்க்கிறது. வத்தைக்கு வத்தை கத்திப் பேசியவர்களின் பேரன்கள் வேறு எப்படி இருப்பார்கள்? பேசட்டும். பதினாறாம் சேனலை மட்டும் விட்டுவைக்க வேண்டும். உலகம் முழுக்க ஆபத்துக் குரலுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கும் சேனல் அது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது எச்சரிக்கை எல்லாம் முன்கூட்டியே வந்திருந்தது, கடலில் ஆள் இல்லை. கட்டிவைத்த படகுகள்தான் சிதைந்தன. மல்லிப்பட்டினத் துறைமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த விசைப்படகுகளை நான் பார்த்தேன். அந்தக் காற்றுக்கு எந்தக் கயிறும் நின்றிருக்காது என்பார்கள், இருக்கலாம். ஆனால் நெருக்கியடித்து, குட்டைக் கயிற்றில், இடையில் டயர்கூட இல்லாமல் கட்டிய படகு பக்கத்துப் படகை உடைக்காமல் என்ன செய்யும்? செயற்கைக்கோள் மனிதரைக் காப்பாற்றியது. கயிறு கட்டும் கலை மறந்துபோனதால் அவர்களின் பிழைப்பு உடைந்தது. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பழைய கையும் புதிய கருவியும் ஒரே படகில் ஏறியாக வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வலை பின்னவும் வண்ணம் அடிக்கவும் ஒதுக்கும் அந்த நாட்களில் ஒரே ஒரு பிற்பகலை இதற்கும் ஒதுக்குங்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இறுகாத கண்ணியைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்; லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கிப் பாருங்கள்; சுடரின் தேதியைப் படியுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை உங்கள் கைப்பேசியில் மட்டுமல்ல, வீட்டில் காத்திருப்பவர்களின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.