புகை மிஷின் பவுசு

வாப்பா பேராண்டி, இப்பிடி உக்காரு. அருப்புக்கோட்டைக்குப் போயி நெபுலைசர் வாங்கியாந்துட்டியாம்ல? தெருவே பேசுது. பேசாம என்ன செய்யும்? பெட்டியப் பிரிக்குமுன்ன போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்ட. அப்பனுக்கு இளைப்பு, மகனுக்குப் பவுசு. மூச்சு எறங்குச்சாப்பான்னு கேட்டா, "சத்தமே வராத மாடலு தாத்தா"ங்குற. ஏன், சத்தம் வந்தா மருந்து மொரண்டு பண்ணுமாக்கும்?

அதுக்குள்ள என்ன பெரிய வித்தை இருக்கு? மோட்டாரு காத்தடிக்குது. காத்து டியூப் வழியாப் போயி, கிண்ணத்து மருந்தைப் பொடிப்பொடியா ஒடைச்சு மூடுபனி ஆக்குது. துளி அஞ்சு மைக்ரானுக்குள்ள இருந்தாத்தான் அடிநெஞ்சு வரைக்கும் போகும். பெருசுன்னா தொண்டையோட நின்னுபோகும். 1858-லயே பிரான்சுல ஒரு டாக்டரு, கையால பம்பு அடிச்சு மருந்தைத் தூவுற மாதிரி ஒண்ணு செஞ்சுட்டாரு. ஒங்கிட்ட இருக்கது அதுக்கு ஒயரு மாட்டுன பேரன்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்கப்படாது. கண்மாய்க்கரையில ஆடுகூட மோந்து பாக்காத ஊமத்தை நிக்குதுல்ல? அந்தக் காலத்துல மெட்ராஸ்ல ஆண்டர்சன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு, இளைப்புக்காரங்களுக்கு ஊமத்தை வேரையும் தண்டையும் காயவச்சுப் புகை பிடிக்கக் குடுத்தாரு. அதைப் பாத்துட்டு ஜென்ட்டுன்னு ஒரு ஜெனரலு 1802-ல சீமைக்குக் கொண்டுபோனாரு. அப்புறம் அங்கன இளைப்புக்குன்னே சிகரெட்டு வித்தானுக. அந்த ஊமத்தைக்குள்ள இருக்க சரக்குல ஒண்ணு அட்ரோபின். அதை மாத்திச் செஞ்சதுதான் இப்ராட்ரோப்பியம். ஒங்கப்பன் கிண்ணத்துல ஊத்துற டுயோலின்ல இருக்க ரெண்டு மருந்துல ஒண்ணு அதுதான்.

ஒடனே "அப்பவே நம்ம முன்னோரு"ன்னு நெஞ்சை நிமித்தாத. எலையப் பறிச்சுச் சுருட்டவும் போயிராத. அளவு பெசகுனா ஊமத்தை ஆளைப் பைத்தியமாக்கும், கொன்னும் போடும். அந்த அளவைக் கண்டுபிடிச்சவனுக்குத்தான் காசு குடுக்குற.

சரி, ஒங்கப்பன் நெஞ்சு எப்பிடிக் கெட்டுச்சு? காலமெல்லாம் சீமைக்கருவைய வெட்டிக் கரிமூட்டம் போட்டவன். மூட்டத்துப் புகை பத்தாதுன்னு வாயில பீடிப் புகை வேற. பீடியே தொடாத பொம்பளைகளுக்கும் இதே சீக்கு வருதே, எப்பிடி? திருச்சுழிப் பக்கம் எந்த ஊருக்கு வேணும்னாலும் போயி அடுப்படியப் பாரு. பருத்திமாரும் கருவை வெறகும் எரிச்சு எரிச்சுச் செவுரு கருத்துக் கெடக்கும். செவுரே அப்பிடின்னா நெஞ்சு எப்பிடி இருக்கும்? இப்ப சிலிண்டரு வந்துருச்சு. ஆனா வென்னி மட்டும் வெறகடுப்புலதான். அது என்ன கணக்கோ! நூல் மில்லுல பஞ்சுத்தூசி தின்னவுக கதைய ஆரம்பிச்சா பொழுது சாஞ்சுரும்.

நேத்து ஒங்கப்பன் மாஸ்க்கைக் கழட்டுனான், திண்ணைக்கு வந்தான், பீடியப் பத்தவச்சான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கெட்டுப்போன நுரையீரலை மிஷின் புதுசாக்கித் தராதுப்பா. சுருங்குன கொழாயக் கொஞ்சம் விரிச்சு விடும், அம்புட்டுத்தான்.

மிஷினுக்குப் பூப்போட்ட துணி தச்சுப் போத்தியிருக்காக ஒங்கம்மா. அழகுதான். உள்ள கிண்ணத்தைத் தொறந்து பாத்தியா? முந்தாநாத்து மருந்து பிசுபிசுன்னு ஒட்டிக்கெடக்கு. கிருமி குடியிருக்க வேற எடம் வேணுமா? ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் சோப்புப் போட்டுக் கழுவி அலசி, ஒதறி, காத்தாட வையி. வேட்டி முனையில தொடைக்காத. டியூப்பைக் கழுவாத, வெறும் காத்தை ஓடவிட்டாப் போதும். பூடெகார்ட் மாதிரி ஸ்டீராய்டு மருந்துன்னா முடிஞ்சதும் வாயக் கொப்புளிச்சுத் துப்பச் சொல்லு. இல்லேன்னா வாயில வெள்ளை படரும்.

நேத்து நீ கேட்டியே ஒரு கேள்வி! "மருந்தோட கலக்குற சலைனும் உப்புத்தண்ணி, நம்ம போருத் தண்ணியும் உப்பு. அதையே ஊத்துனா என்ன தாத்தா?" நல்லாப் படிச்சடா! சலைன் கிருமியில்லாம அளந்து செஞ்சது, நூத்துக்கு 0.9 உப்பு. நம்ம போருத் தண்ணியில சோறே வேகமாட்டேங்குது, அதை நெஞ்சுக்குள்ள அனுப்பப் போறியா?

இன்ஹேலர் பம்பு அடிச்சாப் பழக்கமாயிரும்னு பயப்படுறவுகளையும் பாக்குறேன். டீ பழக்கமாகலையா? முக்காவாசிப் பேருக்குப் பம்போட ஸ்பேசர்ங்குற குடுவையையும் மாட்டி ஒழுங்கா இழுத்தா, மிஷின் செய்யிற வேலைய அதுவே செஞ்சுரும். கரண்டும் வேணாம், பையில போட்டுக்கிட்டு சந்தைக்கும் போகலாம். இழுக்கத் தெம்பில்லாதவுகளுக்கு மிஷினுதான் சரி. ஒங்கப்பனுக்கு எதுங்குறதை டாக்டரு சொல்லட்டும், செல்லுல வந்த வீடியோ சொல்ல வேணாம்.

மிஷின் வச்சும் மூச்சு அடங்கலையா? ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்க முடியலையா? ஒதடு நீலம் பூக்குதா? மறுக்கா மறுக்கா மருந்தை ஊத்திக்கிட்டு ஒக்காந்திருக்காத. 108-க்கு அடி. வண்டி வாரதுக்குள்ள, ஒடம்பு முடியலைன்னு கேட்டு வந்த சனத்தை வாசலோட நிப்பாட்டு. இருக்க காத்தையும் அவுகளே இழுத்துப்புடுவாக.

எந்திரி, பொழுதாச்சு. போறப்பவே ஒங்கப்பன் மடியில இருக்க பீடிக்கட்டைப் புடுங்கிக்க. ஏசுவான், ஏசட்டும். ஏசுறதுக்காவது மூச்சு இருக்குதேன்னு நெனச்சுக்க.