கூலி மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனால் அப்பாவைப் பார்க்கலாம். பழைய இரும்புச் சாமான்கள் பரப்பிய சாக்கின் முன்னால் குந்தியிருப்பார். "பிரெஞ்சுக்காரன் காலத்து ரென்ச் சார்" என்று கடைக்காரர் சொல்ல, அரை மணி நேரம் பேரம் பேசி 600 ரூபாய்க்கு வாங்குவார். பிளம்பருக்குக் கொடுக்க வேண்டிய 400 மிச்சம்! வீட்டுக்கு வந்ததும் நோட்டில் 'வரவு: கூலி 400' என்று எழுதுவார். ரென்ச் செலவில் வராது, அது சொத்து.

இந்த வைராக்கியத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எதிர்வீட்டுச் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) எழுதிக் கொடுத்தார்; பட்டாளத்துப் பென்ஷன் முதலில் பிராங்கில் வந்தது, அப்புறம் யூரோவில். இவருடைய தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. (தாத்தா பட்டாளத்திலேயே இருந்ததில்லை என்பதை இவர் சொல்வதில்லை.) கைநழுவிப் போன அந்த யூரோவை ஸ்பானரால் மீட்கப் பார்க்கிறார்.

உப்புக் காற்று அவர் பக்கம். கேட் கீல், ஜன்னல் கம்பி, ஃபேன் கொக்கி என்று ஏதாவது ஒன்று துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

வீடு தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடும் சுவர். "சுண்ணாம்பே பூசுங்க சார்" என்றார் கொத்தனார். யோசனையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு, தானே சிமென்ட் பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்தார். ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. கார்த்திகை மழை விடுவதற்குள் சுவர் முழுக்க அப்பளமாகக் கொப்பளித்தது. மனிதர் அசரவில்லை. பொங்கல்வரை உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டினார். நோட்டில் 'வரவு: சுரண்டுகூலி' என்று ஒரு வரி ஏறியது.

"ஏங்க, குழாய் இன்னும் ஒழுகுதே. ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாதா?"

"எதுக்கு ஆளு? நேத்துதானே முடுக்கினேன். செட்டாக நேரம் வேணாமா?"

அம்மா மேலே பேசமாட்டார். சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். இவர் காந்தி சிலைப் பக்கம் நடக்கக் கிளம்புவார். அந்த நேரம் பார்த்து பிளம்பர் சந்துப் பக்கமாக வருவார். அம்மாவின் செல்போனில் அவர் பெயர் 'பூக்காரம்மா'. பத்து நிமிஷ வேலைக்கு 400. சார் முடுக்கியதைக் கழற்றுவதற்குத் தனியாக 100.

திரும்பி வந்தவர் குழாயடியில் நின்று காது கொடுத்துக் கேட்டார். சொட்டுச் சத்தம் இல்லை.

"பார்த்தியா? செட்டாயிடுச்சு!"

எதிர்வீட்டுச் சொல்தா வீட்டிலும் குழாய் ஒழுகுகிறதாம். ரென்ச்சோடு கிளம்பிவிட்டார். அம்மா பூக்காரம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.