திருகோணமலையில் பூச்சிய வரிசைகள்: ஓர் ஆராய்ச்சி

உட்துறைமுகத்தை அண்டிய கந்தோர் ஒன்றில் ஒருவர் இரவுக் கடமையில் இருப்பதாகக் கொள்வோம். சீனக்குடா பிறிமா மாவாலைக்குக் கோதுமைக் கப்பலொன்று வரவேண்டும். அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல் கருவியில் கப்பல் வந்ததா என்று கேட்கும் வினவலை எழுதி, வாட்ச் கட்டளையை ஏவிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போகிறார். 2013இல் வெளியான 9.3ஆம் பதிப்பிலேயே இக்கட்டளை உண்டு. வேறு இடைவெளி குறிக்காவிட்டால் இரண்டு வினாடிக்கொரு தரம் அதே கேள்வியைக் கேட்கும்.

விடை ஒரு வரிதான். ஆனால் அது தனியே வருவதில்லை: நேரம் சொல்லும் தலைப்பு, வெற்றுவரி, நிரற்பெயர், அடிக்கோடு, பின்னால் வரிசைக் கணக்கு, மறுபடி வெற்றுவரி. மன்னர் ஒருவர், பரிவாரம் ஆறு. கப்பல் வராதபோது மன்னர் இல்லை. பரிவாரம் மட்டும் தவறாமல் ஊர்வலம் போகும். மணிக்கு 1,800 ஊர்வலம், 10,800 வரி.

யுனிக்ஸின் வாட்ச் கட்டளையோ திரையைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் எழுதும். கேட்டால் மாறியதை மட்டும் துலக்கிக் காட்டும். நேர்த்திதான். ஆனால் ரீ குடிக்கும் நேரத்தில் வந்துபோன கப்பலுக்குச் சாட்சி இராது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பு, வாட்ச் வெளியீட்டை பிஎஸ்பிஜி போன்ற தனிப் பக்கங்காட்டியிடம் ஒப்படைக்க வழிவிட்டது. தலைப்பு நின்ற இடத்தில் நிற்கும், உள்ளிருப்பது மட்டும் மாறும். பலருக்கு இது தெரியாதிருப்பதே பெரிய குறை.

இனித் தத்துவச் சிக்கல். தருக்க நூலார் இன்மையை, அதாவது அபாவத்தை, நால்வகையாகப் பிரித்தனர். அவற்றுள் இரண்டு இங்கே பொருந்தும். இன்னும் வராத கப்பல் முன் அபாவம். வந்து போய்விட்ட கப்பல் அழிவுபாட்டு அபாவம். கருவிக்கு இரண்டும் ஒன்றே: பூச்சிய வரிசை. இப்பிரிவைச் சொல்லும் தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியது போஸ்ட்கிரெஸ்காரர் காதில் விழவில்லைப் போலும்.

2024இன் 17ஆம் பதிப்பு, குறித்த எண்ணிக்கைக்குக் கீழே வரிசைகள் குறைந்தால் கேட்பதை நிறுத்தும் வசதி தந்தது. அதாவது, கப்பல் புறப்படும்வரை காத்திருக்க அதற்குத் தெரியும். வரும்வரை காத்திருக்கத் தெரியாது. குறைந்தது ஒரு வரிசை என்று குறித்தால், வராத கப்பலுக்கு முதற்கேள்வியிலேயே கடையைக் கட்டிவிடும். மாவாலைக்கு இது உதவாது.

பரிகாரம் உண்டு. வினவலைத் தலைகீழாக்கி, 'கப்பல் இல்லை' என்பதையே ஒரு வரிசையாகத் திருப்பித்தரச் சொல்லலாம். அப்போது கருவி விடியவிடியக் கேட்டுக்கொண்டிருக்கும். பூச்சிய வரிசை வந்தால், கப்பல் வந்துவிட்டது.