ஒழுக்கு விசாரணை

புங்குடுதீவு இறுப்பிட்டியில் நல்ல தண்ணிக்குப் பவுசரைப் பார்த்திருக்க வேணும். ஐப்பசி மழை தொடங்கினால் சீலிங்குக்கு மட்டும் குழாயில்லாமலே சப்ளை வந்துவிடும். மண்ணிறக் கறை, கறுத்த விளிம்பு. விளிம்புக்குள் விளிம்பு தெரிந்தால் பலதரம் நனைந்து காய்ந்திருக்கிறது.

படம் எடுத்து அனுப்பினால் வட்ஸ்அப்பில் விசாரணைக்குழு கூடும். பாரிஸ் சித்தப்பா, "கறைக்கு நேர் மேல ஓடு வெடிச்சிருக்கு" என்பார். ரொறன்ரோ மாமா, "பெயின்ற் அடி, காசு அனுப்புறன்" என்பார். தண்ணிக்கு இந்தத் தீர்ப்புகள் தெரியாது. அது ஓட்டு இடுக்கால் நுழைந்து, சலாகையில் ஊர்ந்து, கைமரத்தில் சரிந்து, எங்கோ ஓர் ஆணித்தலையில் சொட்டும். கறை குசினியில், ஓட்டை சாமியறைக்கு மேலே!

கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டினால் ஒழுக்கு உயிரோடு இருக்கிறது. கொட்டும்போதே ரோச் லைற்றோடு சீலிங்குக்கு மேலே பார்த்து, ஈரத்தடத்தை மேட்டுப்பக்கமாகத் தொடரவேணும். பிளாட் கூரையில் துருநிறம் கண்டால் உள்ளே கம்பிக்கே ஆபத்து. கடற்காற்று உப்பும் அதற்கு உடந்தை.

மேசன் வருவது பங்குனி வெயிலில். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒழுகேல்லைத்தானே அக்கா?" என்பார்.